ஏழாவது வேட்டு

உழவர்கரையில் ஒரு கல்யாண மண்டபம். அதற்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. முள்செடிகளை வெட்டித் தள்ளி, லாரி மணல் கொட்டி, அதில் ஏழு இரும்புக் குழாய்களை வரிசையாக நட்டிருந்தார்கள். கோயில் திருவிழாக்களில் அதிர்வேட்டுப் போடுவார்களே, அந்தக் குழாய்கள். மண்டபத்துச் சமையல்கட்டிலிருந்து பட்டை, கிராம்பு தாளிக்கும் வாசனை வந்தது. மனைப் பக்கமிருந்து கருமருந்து நெடி வந்தது. இரண்டையும் சேர்த்து மூச்சிழுத்தால் தும்மல் வந்தது.

என் கணவர் கோட்டு சூட்டோடு அந்தக் குழாய்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொன்றின் எதிரிலும் நின்று, குனிந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். அணிவகுப்பைப் பார்வையிட வந்த ஜெனரல் தோற்றார். பெற்ற மகளுக்குக் கல்யாணம். டவுனில் மாதா கோயிலில் பூசை முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வந்த கார் மண்டபத்து வாசலில் நிற்கிறது. இவர் குழாய்க்குச் சட்டைப் பொத்தான் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்!

நான் மாலைத் தட்டோடு வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வேட்டுக்குப் பயந்து அல்ல. என் அண்ணன் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலில் சாமியார் முன்னால் எல்லாம் முடிந்திருந்தாலும், மண்டபத்து வாசலில் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகவேண்டியவர் தாய்மாமன்தான். அவர் கை கொடுக்காமல் பெண் படியேற மாட்டாள். என் மகள் சில்வி காரைவிட்டே இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "மாமா வந்தாதாம்மா நான் எறங்குவேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டாள். பிடிவாதத்தில் அவள் என் வீட்டுப் பக்கமா அவர் வீட்டுப் பக்கமா என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

மாமா அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டில் இருந்தார். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். பெண் காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பரவாயில்லை, போய்விட்டு வந்துவிடலாம்.

ஒரு குடும்பம், இரண்டு பட்டாளம்

உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரிந்த கதை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது, இஷ்டப்பட்டவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொள்ளலாம் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். என் மாமனார் போய்க் கையெழுத்துப் போட்டார். என் அப்பா, "இங்கயே பொறந்தேன், இங்கயே இருந்துட்டுப் போறேன்" என்று சும்மா இருந்துவிட்டார். இருவரும் ஒரே தெரு, ஒரே கோயில், மீன் வாங்குவதும் ஒரே அம்மாவிடம். ஆனால் அன்றிலிருந்து இரண்டு தேசத்தார்.

அதன் பலன் அடுத்த தலைமுறையில் தெரிந்தது. என் கணவர் பெர்னார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். எங்கள் ஊரில் இவர்களை 'சொல்தா' என்போம். என் அண்ணன் சவரிமுத்து இந்திய ராணுவத்தில், பீரங்கிப் படையில் சேர்ந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றார். இவருக்கு அங்கிருந்து பென்ஷன், அவருக்கு இங்கிருந்து பென்ஷன். நடுவில் நான்.

இருவருக்கும் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணனுக்கு ஆப்பரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே படுத்துக் கிடந்தவர் என் கணவர். இவருக்குப் பிடிக்குமே என்று தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விடிகாலையிலேயே ஏலத்தில் நின்று, வஞ்சிரம் எடுத்துவந்து எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போகிறவர் அண்ணன். பட்டாளப் பேச்சு மட்டும் வரக்கூடாது. வந்தால் தொலைந்தது.

ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுத் தேசிய தினத்தன்று, என் கணவர் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் போர்வீரர் நினைவிடத்துக்குப் போவார். ஜனவரி இருபத்தாறில் அண்ணன் தன் மெடல்களைக் குத்திக்கொண்டு கொடியேற்றத்துக்குப் போவார். அவரவர் நாளில் அவரவர் ராஜா. அடுத்தவர் அன்றைக்குக் கைலியைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து, போனில் வந்த வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்து, "ஒருத்தனுக்கும் கால் ஒழுங்கா வர்ல" என்று குறை சொல்வார்.

பாதியில் நின்ற கேசரி

சில்வியின் நிச்சயதார்த்தம் டவுனில் எங்கள் வீட்டிலேயே நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் காரைக்காலிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மோதிரம் மாற்றி, எல்லாரும் கேசரியும் வடையுமாக உட்கார்ந்திருந்தோம். மனசு நிறைந்திருந்தது. அப்படி நிறைந்திருக்கும்போதுதான் என் கணவருக்குப் பேச்சு வரும்.

எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "கல்யாணத்தன்னிக்கு என் பொண்ணுக்கு நான் ஒரு 'சால்வ்' குடுக்கப் போறேன். மண்டபத்து வாசல்ல ஏழு வேட்டு. ஏழும் ஒரே நேரத்துல. டொம்முனு! ஊரே திரும்பிப் பாக்கணும்."

எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணன் மட்டும் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"மாப்ள, நல்ல விஷயம்தான். ஆனா மரியாதைக்கு வெக்கற வேட்டை ஒரே நேரத்துல வெக்கக் கூடாது. ஒண்ணு வெடிச்சி, அது அடங்கி, அப்பறம் அடுத்தது. கேக்கறவன் எண்ணணும். எல்லாத்தயும் ஒண்ணா வெடிச்சா அது எதிரிய அடிக்கறது."

"பிரான்சுல நாங்க..." என்று இவர் ஆரம்பித்தார்.

"பிரான்சுல நீங்க லாரி ஓட்டுனீங்க மாப்ள."

இது உண்மை. என் கணவர் பட்டாளத்தில் கனரக வண்டி டிரைவர். அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் சம்பந்தி வீட்டாரில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். என் கணவரின் காது சிவந்தது. காது சிவந்தால் அவர் வாயைப் பிடிக்க முடியாது.

"இல்ல மச்சான், எனக்கு இப்பதான் புரியுது. உங்க பட்டாளத்துல பீரங்கி மொத்தமே ஒண்ணுதான் இருந்திருக்கும். அதான் ஒண்ணு ஒண்ணா சுட்டிருக்கீங்க!"

வீடே சிரித்தது. காரைக்கால் வேனில் வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் உதடு துடித்தது; முந்தானையால் மூடிக்கொண்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. கேசரித் தட்டைப் பாதியில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். வாசலில் என்னைப் பார்த்து, "தாய்மாமனா நிக்க வேற ஆளைப் பாத்துக்க மார்த்து" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அண்ணி அவர் பின்னாலேயே ஓடினார்கள்.

வாழ்நாளில் பாதியைப் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று கழித்தவர். புதுச் சம்பந்திகள் முன்னால் அதைச் சொல்லிச் சிரித்தால் எப்படித் தாங்குவார்? எனக்கு என் கணவர் மேல் கோபமும் அண்ணன் மேல் பரிதாபமும் வந்தன. லாரி விஷயத்தை நினைத்தால் அது அப்படியே தலைகீழாக மாறியது.

அகராதி என்ன சொன்னது

வீட்டில் சண்டை வந்தால் சிலர் ஜெபமாலையை எடுப்பார்கள். நான் அகராதியை எடுப்பேன். வேலைக்காலம் முழுக்க ஒரு நொத்தேர் ஆபீசில், அதாவது நோட்டரி ஆபீசில், உட்கார்ந்து, பத்திரங்களைப் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் மாற்றித் தட்டச்சு செய்தவளுக்கு வேறென்ன வரும்? யார் சொன்னது சரி என்று பார்த்துவிடலாமே என்று உட்கார்ந்தேன்.

முதலில் 'சால்வ்'. லத்தீன்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் 'சல்வே' என்பார்களாம். நலமாக இரு என்று அர்த்தம். அதுதான் நாடு நாடாகச் சுற்றி, பீரங்கி வெடித்து வணக்கம் சொல்வதற்குப் பெயராக வந்திருக்கிறது. பிறகு பல பீரங்கிகளை ஒரே நேரத்தில் வெடித்து எதிரியைத் துவம்சம் செய்வதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். இங்கிலீஷில் அது 'சால்வோ'. நல்லா இருப்பா என்று சொல்லிக்கொண்டே பத்துப் பீரங்கியால் அடித்தால் அவன் எங்கே நன்றாக இருப்பது?

ஆக, அகராதிப்படி இருவரும் சரி. இப்படி ஒரு தீர்ப்பை எந்த வீட்டில் போய்ச் சொல்வது?

வணக்கத்துக்கு எதற்குப் பீரங்கி என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. அந்தக் காலத்துக் கப்பல்களில் ஒருமுறை சுட்டுவிட்டால் மறுபடி மருந்து கெட்டித்துத் தயாராக நேரம் பிடிக்கும். அதனால் நட்பாக வருகிற கப்பல் துறைமுகத்துக்கு வெளியிலேயே எல்லாவற்றையும் சும்மா வெடித்துத் தீர்த்துவிடுமாம். என்னிடம் ஒன்றுமில்லை, பயப்படாதே என்று அர்த்தம். விருந்துக்கு வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரிதான்.

இன்னொன்றும் படித்தேன். கப்பல்காரர்களுக்குச் சந்தோஷத்துக்கு வெடிப்பது ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இரட்டைப்படை துக்கத்துக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் சீர்த்தட்டுகளை வேறு எப்படி அடுக்குகிறோம்? வெள்ளைக்காரனும் நம்மைப் போல ஒற்றைப்படைக்காரன்தான் என்பதில் ஒரு திருப்தி. என் கணவரும் அண்ணனும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அந்த ஏழு.

அகராதியைத் திறந்தால் நான் தேடிய சொல்லோடு நிறுத்துகிற ஜாதி இல்லை. 'வொலே' என்று ஒரு சொல். பறவைகள் கூட்டமாக எழும்பிப் பறப்பது. தேங்காய்த்திட்டில் மீன் கூடையைக் கவிழ்த்ததும் காக்கைகள் மொத்தமாகக் கிளம்புமே, அது. அதையே சிப்பாய்கள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவதற்குப் பெயராக வைத்தார்கள். இங்கிலீஷ்காரன் அதை 'வாலி' ஆக்கி, பந்து விளையாட்டுவரை கொண்டுபோய்விட்டான்.

'ரஃபால்' என்றால் திடீரென்று வீசும் பலத்த காற்று. ஆடி மாதத்தில் மொட்டைமாடியில் காயப்போட்ட புடவையைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் காற்று. அதையே படபடவென்று தொடர்ந்து சுடுவதற்கும் சொன்னார்கள். 'பராழ்' என்பது ஆற்றுக்குக் குறுக்கே கட்டும் தடுப்பு. முதல் உலகப் போரில், எதிரி ஒரு கோட்டைத் தாண்டி வராமல் அந்தக் கோட்டின் மேலேயே குண்டுகளாகக் கொட்டுவதற்கு அந்தப் பெயர் போயிற்று.

பிரெஞ்சில் துப்பாக்கிக்கு 'ஃபுசி' என்பார்கள். பலர் சேர்ந்து சுட்டுத் தள்ளினால் 'ஃபுசியாது'. அதன் வேரைத் தேடிக்கொண்டு போனால், கடைசியில் லத்தீனில் அடுப்பு என்ற சொல்லில் போய் நிற்கிறது! சிக்கிமுக்கிக் கல்லில் தட்டி அடுப்புக்கு நெருப்பு எடுத்த இரும்புத் துண்டின் பெயர்தான் துப்பாக்கிக்கு வந்ததாம். சமையல்கட்டில் நாம் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். ஆச்சரியமாக இல்லை.

நம் தமிழ் மட்டும் சும்மாவா? செய்தித்தாளில் தினம் படிக்கிறோம், 'சரமாரியாகச் சுட்டனர்' என்று. சரம் என்றால் அம்பு, மாரி என்றால் மழை. கையில் இருப்பது இயந்திரத் துப்பாக்கி. நாம் இன்னும் அம்பு மழையில்தான் நனைந்துகொண்டிருக்கிறோம். எனக்கு இந்தச் சொல்தான் எல்லாவற்றையும்விட அழகாகத் தெரிகிறது. அடிபடுகிறவனுக்கு எப்படித் தெரியும் என்பது வேறு விஷயம்.

பீரங்கியைப் பற்றிப் படித்ததைத்தான் என் கணவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. பிராங்க் என்ற ஐரோப்பிய இனத்தார் பெயர் அரபு, பாரசீகமெல்லாம் சுற்றி இங்கே 'பறங்கி' ஆயிற்று. அவர்கள் கொண்டுவந்த ஆயுதம் பீரங்கி ஆயிற்று என்கிறார்கள். பிரான்ஸ் என்ற பெயரும் அதே பிராங்கிலிருந்து வந்ததுதான்.

"பாத்தியா! உங்கண்ணன் காலம் பூரா எங்க பேரத்தான் தொடைச்சி எண்ணெ போட்டுக்கிட்டு இருந்திருக்காரு" என்றார்.

"பறங்கிக்காயும் உங்க பேருதான். இந்தாங்க, நறுக்குங்க" என்று கத்தியைக் கையில் கொடுத்தேன்.

எத்தனை படித்து என்ன? அகராதி தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு வராது.

பெரிய மார்க்கெட்டில் அண்ணி

அண்ணன் வீட்டுக்குப் போனேன். "வா மார்த்து, காப்பி குடி. கல்யாணத்தப் பத்தி மட்டும் பேசாத" என்றார். காப்பி குடித்துவிட்டு வந்தேன். பத்திரிகை கொடுக்கப் போனேன். மஞ்சள் தடவிய பத்திரிகையை மாதா படத்தின் முன்னால் வைத்துவிட்டு, மறுபடியும் காப்பி கொடுத்தார்.

இந்தப் பக்கம் இவரிடம், "ஒரு வார்த்தை மன்னிச்சிக்குங்க மச்சான்னு சொல்லிட்டா கொறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டேன்.

"நான் ஜோக்குதான சொன்னேன்? சிரிக்கத் தெரியாதவருக்கு நான் இன்னா பண்றது?" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவருக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் இல்லை.

இது போதாதென்று, டவுனில் பேசி வைத்திருந்த மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு உழவர்கரையில் வேறு மண்டபம் பிடித்தார். "டவுனுக்குள்ள வேட்டு வெக்க உடமாட்டாங்க. அங்கன்னா பக்கத்துலயே காலி மனை கீது. பர்மிஷனும் வாங்கிட்டேன்." மச்சானைவிட வேட்டுதான் பெரிசாகப் போயிற்றா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நாள் அவர் ரசத்தில் உப்புப் போடவில்லை. மனிதர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெரிய மார்க்கெட்டில் பூக்கடைப் பக்கம் அண்ணியைப் பார்த்தேன். கூடை சுமப்பவர்கள் "வழி, வழி" என்று இடித்துக்கொண்டு போக, இருவரும் ஒரு தூணில் ஒட்டிக்கொண்டு பேசினோம்.

"வரமாட்டேன்னுதான் சொல்றாரு மார்த்து. ஆனா கோட்டு வாஷிங் போயிட்டு வந்தாச்சி. ஷூவுக்குப் பாலிஷ் போட்டாச்சி. மெடலுக்கெல்லாம் புளி போட்டு வெளக்கியாச்சி. எதுக்குங்கன்னு கேட்டா, சும்மா கெடந்தா பாசி புடிச்சிடும்ன்றாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அப்ப வந்துடுவாரு இல்ல அண்ணி?"

"கூப்புடணுமே."

"நான்தான் நடையா நடந்து கூப்புட்டேனே!"

"நீ கூப்புட்டா ஆச்சா? கூப்புட வேண்டியவரு கூப்புடணும் இல்ல?" என்றார்கள் அண்ணி. சொல்லிவிட்டு, கனகாம்பரத்துக்குப் பேரம் பேசத் திரும்பிவிட்டார்கள்.

கூப்பிட வேண்டியவர் அன்றைக்கு வேட்டுக்காரரோடு குழாய் பார்க்கப் போயிருந்தார்.

ஆறு

இனி காலி மனைக்கு வந்துவிடலாம்.

அண்ணி மட்டும் கோயிலுக்கு வந்திருந்தார்கள். மண்டபத்து வாசலில் என் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "நேரமாவுது, உன் சித்தப்பா மவன் நிக்கட்டுமே, அவனும் மாமன் மொறதானே" என்று ஒரு பெரியம்மா சொன்னாள். என் தம்பி முறைக்காரன் மாலையை வாங்கத் தயாராகவே இருந்தான். நான் மாலைத் தட்டை இடுப்போடு இடுக்கிக்கொண்டேன். என் அண்ணன் உயிரோடு இரண்டு தெரு தள்ளி இருக்கும்போது, அந்த இடத்தில் இன்னொருவன் நிற்பதை என் கண்ணால் பார்க்கமாட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

"எல்லாரும் காதப் பொத்திக்குங்க!" என்று என் கணவர் குரல் கொடுத்தார்.

வேட்டுக்காரர் கலியபெருமாள் நுனியில் கங்கு வைத்த நீளமான மூங்கில் கோலை அவர் கையில் கொடுத்தார். என் கணவர் முதல் குழாயின் திரியைத் தொட்டுவிட்டுப் பின்னால் வந்தார்.

டொம்! மண்டபத்துக் கண்ணாடியெல்லாம் கிணுகிணுத்தது. குழந்தைகள் கத்தின. ஏழும் சேர்ந்து வெடிக்கப் போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் சத்தம் அடங்கியது. புகை விலகியது. அதற்கப்புறம்தான் அவர் இரண்டாவதற்குப் போனார்.

டொம்! மறுபடி நிறுத்தினார். பிறகு மூன்றாவது.

ஒன்று ஒன்றாக! என் அண்ணன் சொன்ன மாதிரியே! நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி காதிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். நான்கு. ஐந்து. ஆறு.

ஆறோடு நின்றது.

புகை போய்விட்டது. காக்கைகள் கத்திவிட்டு ஓய்ந்தன. என் கணவர் ஏழாவது குழாய்க்குப் போகவே இல்லை. கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். குழாயைக்கூடப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இன்னொண்ணு!" என்றேன்.

"இரு" என்றார்.

காரைக்கால் சம்பந்தியம்மா என் காதருகில், "ஆறு ஆனாப்ல இருக்கே?" என்றார்கள். கல்யாணத்தில் இரட்டைப்படையில் நிறுத்திவிட்டு நிற்கிறாரே இந்த மனுஷன்!

கலியபெருமாளிடம் போய், "நீங்களாவது வெய்யுங்களேன்" என்றேன்.

"முசியே சொல்லாம நான் தொடமாட்டேம்மா" என்று என் கணவரைக் கண்ணால் காட்டிவிட்டு அவர் வானத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் தெருக்கோடியில் ஓர் ஆள் ஓடி வருவது தெரிந்தது. கோட்டு, டை, மார்பு நிறைய மெடல். ஒரு ஷூவில் நாடா அவிழ்ந்து மண்ணில் இழுபட்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த கோலம்!

"கிட்ட போவாதீங்க! யாரும் கிட்ட போவாதீங்க! மிஸ்ஃபயர்! தள்ளு, தள்ளு, பின்னால தள்ளு!"

வெடிக்காமல் நின்றுவிட்ட குண்டுதான் பீரங்கிக்காரர்களுக்கு எல்லாவற்றையும்விட ஆபத்து. எந்த நொடியிலும் வெடிக்கலாம். அதை அப்படியே விட்டுவிட்டு எந்த பீரங்கிக்காரரும் இடத்தைவிட்டு நகரமாட்டார். அதுவும் என் அண்ணன்! தீபாவளியன்று தெருவில் வைக்கும் வெடியில் எத்தனை புஸ்ஸாகப் போயிற்று என்று வீட்டுக்குள்ளிருந்தே கணக்குச் சொல்கிறவர். இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து ஆறு கேட்டிருக்கிறார். ஏழாவது கேட்கவில்லை. மனிதருக்கு அதற்குமேல் நாற்காலி எப்படித் தாங்கும்?

வந்த வேகத்தில் கூட்டத்தை மண்டபச் சுவர்வரை தள்ளினார். சம்பந்தி, பெரியம்மா, பேண்டு வாத்தியக்காரர் யாரும் மிச்சமில்லை. பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"மாப்ள! நில்லு அங்கயே. ஆடாத!"

என் கணவர் விறைப்பாக, இரண்டு குதிகாலையும் சேர்த்து நின்றார்.

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். காரின் கண்ணாடி மெல்ல இறங்குவதை நான் பார்த்தேன். அப்புறம் அண்ணன் பக்கவாட்டில் சுற்றி, குனிந்து குனிந்து ஏழாவது குழாயிடம் போனார். எட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"மாப்ள. திரி வெள்ளையா கீது. இதுக்கு நெருப்பே வெக்கல."

"ஆமா மச்சான்."

"ஏன் வெக்கல?"

"அது என்னுது இல்ல மச்சான். பொண்ணோட தாய்மாமன் வெக்க வேண்டியது."

அண்ணன் திரியை இன்னொரு முறை பார்த்தார். கோட்டுப் பையில் கையை விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். கைக்குட்டையைத் தேடினார் என்று நினைக்கிறேன். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல். டவுன் மண்டபத்தை விட்டுவிட்டு உழவர்கரைக்கு ஏன் வந்தோம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. உப்பில்லாத ரசத்தை ஏன் அந்த மனுஷன் பேசாமல் குடித்தார் என்பதும் விளங்கியது.

என் கணவர் போய் மூங்கில் கோலை நீட்டினார். அண்ணன் வாங்கிக்கொண்டார்.

ஏழாவது வேட்டு மற்ற ஆறையும்விடப் பெரிதாகக் கேட்டது என்று நான் சொன்னால் கலியபெருமாள் ஒப்புக்கொள்ள மாட்டார். எல்லாவற்றிலும் ஒரே அளவு மருந்துதான் என்பார். எனக்கு அப்படித்தான் கேட்டது. சில்வி யாரும் கதவைத் திறக்குமுன் தானே திறந்துகொண்டு, வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்தபடி, "மாமா!" என்று ஓடி வந்தாள். அண்ணன் அவள் கழுத்தில் மாலையைப் போட்டார். கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் கேட்டேன், "அண்ணன் வராமப் போயிருந்தா?"

"வராமப் போயிருந்தா ஆறோடதான் நின்னிருக்கும். நான் அதத் தொட்டிருக்கமாட்டேன்" என்றார்.

"கல்யாணத்துல இரட்டைப்படையா?"

"அதான் அவரால பொறுக்க முடியாதுன்னு தெரியுமே."

வாய் திறந்து ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் முடிந்திருக்கும். இதற்கு இரும்புக் குழாயும், மணலும், பர்மிஷனும் வேண்டியிருந்தது. சொல்தாவைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

ஆனால் நான் அன்றைக்கு மறக்காமல் மனதில் வைத்துக்கொண்டது அதை அல்ல. பேண்டு வாத்தியம் ஆரம்பித்து, அண்ணன் சில்வியை அழைத்துக்கொண்டு மண்டபத்துப் படியேறும்போது, பின்னால் வந்த என் கணவரைத் திரும்பிப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"நாலாவது அவசரப்பட்டுட்ட மாப்ள. மூணாவது சத்தம் அடங்கறதுக்குள்ள வெச்சிட்ட."

இரண்டு தெரு தள்ளி, கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார்!

என் கணவர், "உய், மச்சான்" என்றார். ஆமாம் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து, என் அண்ணன் சொன்ன ஒன்றுக்கு இவர் ஓர் 'ஆனால்' சேர்க்காமல் ஆமாம் சொன்னது அன்றைக்குத்தான்.